'சும்மா வந்து உட்காரலாம்...' கல்லூரிகளில் மனம்விட்டுப் பேச ஓர் அறை: தென்காசி, குற்றாலம் மாணவர்களுக்கு என்ன வழி?

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, அரியர் எண்ணிக்கையைப் பார்த்த மாணவர் முதலில் யாரிடம் சொல்வார்? பெரும்பாலும் அப்பா, அம்மாவிடம் இல்லை. ஹெச்.ஓ.டி-யிடமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் நண்பரிடம்தான்.

அந்த நண்பர் என்ன செய்வார்? "விடுல, பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டுவார். பல நேரம் அதுவே போதும். ஆனால், சில நேரம் போதாது. எப்போது போதாது என்பதைக் கண்டுபிடிக்கவும், அடுத்து யாரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளவும் அந்த நண்பருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக உருவானவைதான் 'பியர் சப்போர்ட்' எனப்படும் சக மாணவர் ஆதரவுக் குழுக்களும், முன்பதிவு இல்லாமல் யாரும் நுழையக்கூடிய 'டிராப்-இன்' அறைகளும். தமிழ்நாட்டில் இதற்காக 'மனம்' என்ற பெயரில் ஒரு திட்டமே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2025-ல் கல்வி நிறுவனங்களுக்குக் கண்டிப்பான வழிகாட்டுதல்களை வழங்கியுள்ளது.

இவை என்ன, எப்படி இயங்குகின்றன, தென்காசி, குற்றாலம் பகுதி மாணவர்களுக்கு இப்போது என்ன வழி இருக்கிறது என்று பார்க்கலாம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். இதில் மாணவர்கள் மட்டும் 13,044 பேர். அதாவது 7.6 சதவிகிதம். 2001-ம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 5,425 ஆக இருந்தது.

2022-ல் தேர்வுத் தோல்வியைக் காரணமாகக் கொண்ட மரணங்கள் 2,248. மாணவர்களின் மனச்சுமைக்கு மார்க் மட்டுமே காரணம் என்ற பொதுவான நினைப்பு இருக்கிறது. ஆனால் குடும்பப் பிரச்னை, காதல் முறிவு, கடன், உடல்நலம், சாதி ரீதியான அவமானம், தனிமை எனப் பல விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போதுதான் பாரம் தாங்க முடியாமல் போகிறது.

இந்த எண்ணிக்கைக்கு வெளியேயும் பெரிய கூட்டம் இருக்கிறது. தூக்கம் வராதவர்கள், வகுப்புக்கு வந்தும் எதுவும் மண்டையில் ஏறாதவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள். இவர்களில் பலருக்கு மாத்திரை தேவைப்படாது. யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும்.

பியர் சப்போர்ட் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், காது கொடுத்துக் கேட்பதற்குப் பயிற்சி பெற்ற மாணவர், இன்னொரு மாணவருக்குத் துணையாக இருப்பது. அவர் டாக்டர் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. நோய் என்னவென்று சொல்ல மாட்டார், மருந்து சொல்ல மாட்டார். அவருடைய வேலை மூன்றுதான்:

* குறுக்கிடாமல் கேட்பது
* நிலைமை எவ்வளவு தீவிரம் என்று கவனிப்பது
* தேவைப்பட்டால் சரியான ஆளிடம் கூடவே போய்ச் சேர்ப்பது

டிராப்-இன் அறை என்பது இந்தச் சந்திப்பு நடக்கும் இடம். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், பெயர் எழுத வேண்டாம், 'என்ன பிரச்னை' என்று வாசலிலேயே சொல்ல வேண்டாம். ஃப்ரீ ஹவரில் வந்து சும்மா உட்காரலாம். பேசத் தோன்றினால் பேசலாம். இல்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போகலாம்.

'கவுன்சிலிங் ரூம்' என்று போர்டு இருக்கும் இடத்துக்குள் ஒருவர் நுழைந்தாலே, மறுநாள் வகுப்பு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் இந்த ஏற்பாடு. பத்துப் பேர் சும்மா வந்துபோகும் அறையில், உண்மையிலேயே உதவி தேவைப்படும் பதினோராவது ஆளும் யார் கண்ணையும் உறுத்தாமல் உள்ளே வந்துவிடலாம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

படித்துப் பட்டம் வாங்கிய நிபுணர்தான் மன ஆறுதல் தர முடியும் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த பாதிரியார் சாட் வாரா. 1953-ல் அவர் தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பில், பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்களே தொலைபேசியிலும் நேரிலும் பேசினார்கள்.

மாணவர்களுக்காக மாணவர்களே நடத்தும் சேவை 1970-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 'நைட்லைன்' என்ற பெயரில் வந்தது. கல்லூரி அலுவலகங்கள் மூடிய பிறகு, இரவு நேரத்தில்தான் மனசு அதிகமாக அலைபாயும் என்பதால் இரவில் இயங்கியது. பிறகு மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் இந்த வழியின் முன்னோடி சென்னையில் இயங்கும் 'சினேகா'. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் இது. இங்கும் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். போனில் மட்டுமில்லாமல் ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மையத்துக்கு நேரிலும் போகலாம்.

2006-ல் இரண்டு முக்கியமான முயற்சிகள் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் 12 முதல் 25 வயது வரையிலானவர்களுக்காக 'ஹெட்ஸ்பேஸ்' மையங்கள் வந்தன. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' என்ற முயற்சியைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். அவ்வளவுதான்.

இந்த பெஞ்ச் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று ஹராரே நகரின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் ஆய்வு நடந்தது. 2016-ல் வெளியான அதன் முடிவு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட பெஞ்சில் பாட்டியுடன் பேசியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. டாக்டர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு பெஞ்சும் பயிற்சியும் என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம்.

தமிழ்நாடு அரசின் 'மனம்' திட்டம் என்ன?

'மனநல நல்லாதரவு மன்றம்' என்பதன் சுருக்கம்தான் 'மனம்'. 2022 டிசம்பர் 22 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். மனநலத் துறை ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒரே மன்றத்தில் இணைத்து, நெருக்கடியில் இருக்கும் மாணவரைச் சீக்கிரமே அடையாளம் கண்டு உதவுவதுதான் நோக்கம்.

முதலில் மருத்துவக் கல்லூரிகள், பிறகு கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகள், பள்ளிகள் எனப் படிப்படியாக விரிவாக்குவது என்பதே அப்போது சொல்லப்பட்ட திட்டம். மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியதற்குக் காரணம் தெளிவானது. அங்கே மனநலத் துறை ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் அதே வளாகத்தில் இருக்கிறார்.

தென்காசியின் சிக்கலும் இங்கேதான் வருகிறது.

தென்காசியின் நிலை ஏன் வேறு?

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது தென்காசி. இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அருகில் இருப்பது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிதான். தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

ஆனால், மாணவர்களுக்குக் குறைவில்லை. குற்றாலத்தில் கோயில் நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஸ்ரீபராசக்தி மகளிர் கல்லூரி, சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரி, புளியங்குடியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரி, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதி அரசுக் கல்லூரிகள், தனியார் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகள் என மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

இவற்றுக்கு வரும் பிள்ளைகளில் நிறைய பேர் ஹாஸ்டலில் தங்குவதில்லை. செங்கோட்டை, பாவூர்சத்திரம், கடையம், இலஞ்சி, அச்சன்புதூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பஸ் ஏறித் திரும்புகிறவர்கள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்களும் உண்டு. பீடி சுற்றும் அம்மா, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அப்பா, சாயங்காலம் வீடு திரும்பியதும் காத்திருக்கும் வேலைகள். இதுதான் பலருடைய சூழல்.

இதனால் மூன்று விஷயங்கள் மாறுகின்றன:

* நேரம்: மாலை ஐந்து மணிக்குத் திறக்கும் மையம் இவர்களுக்குப் பயன்படாது. அந்நேரம் பஸ்ஸில் இருப்பார்கள். மதிய இடைவேளையும், கடைசி மணிக்கும் பஸ்ஸுக்கும் இடையிலான நேரமும்தான் இவர்கள் கையில் இருப்பது.
* இடம்: வீட்டில் தனி அறை இருக்காது. போனில் ஹெல்ப்லைனுக்குப் பேச வேண்டும் என்றால்கூட மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருக்கும்போது மனம்விட்டுப் பேச முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் கல்லூரிக்குள் கிடைத்தால்தான் உண்டு.
* அறிமுகம்: சின்ன ஊர். மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால், வெளியில் வரும்போது சொந்தக்காரர் யாராவது எதிரே நிற்பார். 'மெண்டல்' என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

குற்றாலத்தில் சாரல் சீசன் களைகட்டும் ஜூன் மாதத்தில்தான் கல்லூரிகளும் திறக்கின்றன. ஊரே கொண்டாட்டமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவருக்கோ புது இடம், புது முகங்கள், திடீரென்று ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு. பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் இந்த முதல் சில மாதங்கள் கூடுதல் கவனம் தேவைப்படும் காலம்.

ஆய்க்குடியில் இருக்கிறது ஒரு பாடம்

'பட்டவர்தான் பட்டவருக்குத் துணை' என்பது தென்காசிக்குப் புதிதில்லை. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் இதற்குச் சாட்சி.

இதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டார். அப்போது ஏற்பட்ட விபத்தில் முதுகுத்தண்டில் காயம்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே தன் அமைப்புக்கு வைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி, மறுவாழ்வு, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சை என வளர்ந்த அந்தப் பணிக்காக 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நேற்று வரை ஓடியாடிக்கொண்டிருந்து இன்று வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரிடம் 'எல்லாம் சரியாகும்' என்று நடக்க முடிந்தவர் சொல்வதற்கும், அதே வீல்சேரில் இருந்துகொண்டு ஓர் அமைப்பையே நடத்தும் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சக மாணவர் ஆதரவின் அடிப்படையும் இதுதான். அரியர் வைத்துக் க்ளியர் பண்ணிய சீனியர் சொல்லும் வார்த்தைக்கு, கோல்டு மெடலிஸ்ட் சொல்லும் அறிவுரையைவிட மதிப்பு அதிகம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் 15 வழிகாட்டுதல்கள் அதில் உள்ளன. உரிய சட்டம் வரும்வரை இவை கட்டாயம்.

மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

* 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில், தகுதிபெற்ற கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும்.
* அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால், வெளியில் உள்ள மனநல நிபுணருடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்.
* தேர்வு நேரத்திலும் புதிதாகச் சேரும் காலத்திலும் சிறு குழுக்களுக்கு ஒரு வழிகாட்டியோ கவுன்சிலரோ ஒதுக்கப்பட வேண்டும்.
* ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும்.
* ஹெல்ப்லைன் எண்களை வகுப்பறை, விடுதி, பொது இடங்களில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும்.
* நெருக்கடியில் இருக்கும் மாணவரை எந்த மருத்துவமனைக்கு, எப்படி அனுப்புவது என்பது எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும்.
* சாதி, மதம், பாலினம், மாற்றுத்திறன் அடிப்படையிலான துன்புறுத்தல் பற்றிப் புகார் செய்ய ரகசியமான வழி இருக்க வேண்டும்.

இதற்கு முன்பே, 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலம் குறித்த தேசிய பணிக்குழுவையும் உச்ச நீதிமன்றம் அமைத்திருந்தது.

உங்கள் கல்லூரியில் கவுன்சிலர் யார், எந்த அறையில் இருப்பார் என்று கேட்பது இனி 'அதிகப்பிரசங்கித்தனம்' இல்லை. கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

ஒரு கவுன்சிலர் இருந்தால் போதாதா?

ஒரு கவுன்சிலர், ஆயிரக்கணக்கான மாணவர்கள். கணக்கு எப்படியும் இடிக்கும். தவிர, கவுன்சிலர் அறைக் கதவைத் தட்டுவதற்கே ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் வரும்வரை கூட இருப்பது நண்பர்தான்.

மறுபக்கம், கவுன்சிலர் இல்லாமல் மாணவர் குழு மட்டும் இருப்பது ஆபத்து. 19 வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொருவருடைய உயிரின் பாரத்தை ஏற்றிவிடக் கூடாது. சக மாணவர் கேட்க வேண்டும், பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும்.

அறை எப்படி இருக்க வேண்டும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. நான்கு நாற்காலி, குடிதண்ணீர், மின்விசிறி, பாதி மறைக்கும் ஒரு திரை. கவனிக்க வேண்டியவை வேறு:

* இருக்கும் இடம்: லைப்ரரி அல்லது கேன்டீன் பக்கம் இருப்பது நல்லது. பிரின்சிபல் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் வர மாட்டார்கள்.
* பெயர்: 'மனநல ஆலோசனை மையம்' என்று பயமுறுத்த வேண்டாம். 'திண்ணை' என்று வைத்தாலே போதும். திண்ணையில் உட்கார யாரும் காரணம் கேட்பதில்லை.
* நேரம்: தினமும் ஒரே நேரம். மதியம் 12.30 என்றால் 12.30-க்குத் திறந்திருக்க வேண்டும். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்தவர் பூட்டைப் பார்த்தால் மறுபடி வர மாட்டார்.
* ஆட்கள்: எப்போதும் இரண்டு பேர். ஆண், பெண் இருபாலரும் படிக்கும் கல்லூரி என்றால் இருவரும் இருப்பது அவசியம்.
* பதிவேடு: பெயர் வேண்டாம். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

டாப்பர், கிளாஸ் ரெப், பேச்சாளர் என்று பார்க்க வேண்டியதில்லை. எந்த வகுப்பிலும் எல்லாரும் போய்ப் புலம்பும் ஓர் ஆள் இருப்பார். அவர்தான் சரியான ஆள்.

இன்னொரு முக்கியமான விஷயம், குழுவில் எல்லாத் துறையினரும் எல்லாச் சமூகத்தினரும் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கல்வி நிலையங்களில் சாதி அடையாளங்களைத் தவிர்ப்பது பற்றி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கலர் கயிறு வரை அதில் பேசப்பட்டது. சாதியால் அவமானப்பட்ட மாணவர், அந்த அறையில் ஒரே தரப்பு முகங்களைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவார்.

பயிற்சி யார் தருவார்கள்?

மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டத்துக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. 1996-ல் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட மாவட்டக் குழு இதன் அடிப்படை. நோயாளிகளைப் பார்ப்பது மட்டும் இதன் வேலை இல்லை. பள்ளிகளில் வாழ்வியல் திறன் பயிற்சி, கல்லூரிகளில் ஆலோசனைச் சேவை, தற்கொலைத் தடுப்பு ஆகியவையும் இத்திட்டத்தின் பணிகளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே கல்லூரி நிர்வாகமோ, என்.எஸ்.எஸ். அல்லது ஒய்.ஆர்.சி. பொறுப்பாசிரியரோ மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை வழியாக இக்குழுவை அணுகிப் பயிற்சி கேட்கலாம்.

காது கொடுப்பவர் என்ன செய்ய வேண்டும்?

*செய்ய வேண்டியவை*

* போனை சைலன்ட்டில் போட்டுத் தள்ளி வையுங்கள்.
* "ஏட்டி, ஒரு வாரமா யார்ட்டயும் பேச மாட்டேங்க, என்னட்டி ஆச்சு?" என்பது போல, பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் இப்படி இருக்க?" என்பது விசாரணை போல ஒலிக்கும்.
* அழுதால் அழவிடுங்கள். மௌனமாக இருந்தால் கூடவே இருங்கள்.
* "நான் என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று அவரிடமே கேளுங்கள். சில நேரம் 'சும்மா கேளு, போதும்' என்பதுதான் பதிலாக இருக்கும்.

*செய்யக் கூடாதவை*

* "இதெல்லாம் ஒரு பிரச்னையா? எங்க வீட்ல..." என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள்.
* "கோயிலுக்குப் போ, சரியாயிரும்", "கல்யாணம் ஆனா சரியாயிரும்" வகை அறிவுரைகள் வேண்டாம்.
* கடன் கொடுப்பது, காதலுக்குத் தூது போவது, சண்டையைத் தீர்ப்பது போன்றவற்றில் இறங்காதீர்கள்.
* வாட்ஸ்அப் குரூப்பில் 'பெயர் சொல்லாம' பகிர்வதும் தவறு. சின்ன கல்லூரியில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரகசியம் எதுவரை?

மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களைச் சிகிச்சை அளிப்பவர்கள் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் விதிவிலக்கு உண்டு. சிகிச்சை அளிப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. எனவே மாணவர் குழுவுக்குத் தனியாக ஓர் எழுத்துபூர்வ விதியைக் கல்லூரியே வைத்துக்கொள்வது நல்லது.

அந்த விதி இரண்டே வரியில் இருக்கலாம். 'இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், பொறுப்பாசிரியரிடம் சொல்வோம், உங்களிடம் சொல்லிவிட்டே சொல்வோம்.' இதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் துரோகம் போல இருக்கும்.

நண்பர் தற்கொலை பற்றிப் பேசினால்?

'செத்துப் போயிரலாம்னு தோணுது' என்று யாராவது சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. கேட்பது பாரத்தை இறக்கி வைக்க வழி கொடுக்கிறது என்பதையே மனநல நிபுணர்கள் சொல்கிறார்கள்.

1. தனியாக விடாதீர்கள். கூடவே இருங்கள்.
2. 'தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?' என்று நிதானமாக, நேராகவே கேளுங்கள்.
3. 'யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்றால் சத்தியம் செய்யாதீர்கள்.
4. பொறுப்பாசிரியர், கவுன்சிலர் அல்லது வீட்டில் நம்பகமான ஒரு பெரியவருக்குத் தகவல் சொல்லுங்கள். 14416-க்கு அவர் பக்கத்தில் இருந்தே போன் செய்யலாம்.
5. உடனடி ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ் அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனை.

போலீஸ் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தாலேயே பல குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகின்றன. மனநல பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இடம்பெறவில்லை. சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம்.

கேட்பவரை யார் கவனிப்பது?

நாள் முழுக்க மற்றவர் கவலையைக் கேட்டால், கேட்பவருக்கும் மனசு கனக்கும். அதனால் வாரம் ஒருமுறை கவுன்சிலரோ பொறுப்பாசிரியரோ மாணவர் குழுவுடன் உட்கார்ந்து பேச வேண்டும். தேர்வு நேரத்தில் அவர்களுக்கு விடுப்பு தர வேண்டும். 'எனக்கு இப்ப முடியல' என்று விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும். தான் கேட்ட ஒருவருக்கு அசம்பாவிதம் நடந்தால், அது தன் தவறு என்ற எண்ணத்தில் அந்த மாணவரைத் தனியே விட்டுவிடக் கூடாது.

என் கல்லூரியில் இப்படி எதுவும் இல்லையே?

இன்றே செய்யக்கூடியவை இவை:

* டெலி மனாஸ் 14416: 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவச மனநல சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 1800-891-4416 என்ற எண்ணும் உண்டு. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் நிபுணரிடம் இணைப்பார்.
* 104: தமிழ்நாடு அரசின் சுகாதார ஹெல்ப்லைன்.
* மனோதர்பன் 84484 40632: மாணவர்களுக்காக மத்திய கல்வித் துறை 2020 ஜூலையில் தொடங்கிய ஹெல்ப்லைன்.
* தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை: வெளிநோயாளர் பிரிவில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நண்பர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.
* கல்லூரியிடம் கேளுங்கள்: உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, கவுன்சிலர் யார், ஹெல்ப்லைன் எண் எங்கே ஒட்டப்பட்டுள்ளது என்று நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து முதல்வரிடம் மனு கொடுக்கலாம். கூடவே, காலியாக இருக்கும் ஓர் அறையையும் மதிய இடைவேளையில் ஒரு மணி நேரத்தையும் கேட்கலாம்.

திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்பது மாறப்போவதில்லை. ஆனால், கல்லூரிக்குள் திறந்திருக்கும் ஓர் அறைக்கும் வகுப்பறைக்கும் இடையே சில அடிகள்தான். அந்த அறை திறக்கும்வரை, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் 'ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னால், இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

*தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் உடனே உதவி கேளுங்கள். டெலி மனாஸ்: 14416. தமிழ்நாடு சுகாதாரத் துறை ஹெல்ப்லைன்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. அவசர ஆம்புலன்ஸ்: 108.*